கோணல் எழுத்தின் கணக்கு

1994இல் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எழுத்துரு வடிவமைப்பாளர் வின்சென்ட் கொனேர், திரையில் ஒரு நாய் பேசுவதைப் பார்த்தார். கணினிக்குப் புதியவர்களுக்காக உருவாகிக்கொண்டிருந்த 'மைக்ரோசாஃப்ட் பாப்' என்ற மென்பொருள் அது. ரோவர் என்ற கார்ட்டூன் நாய் வழிகாட்டும். அது சொல்வதெல்லாம் பேச்சுக் குமிழுக்குள் வரும். குமிழுக்குள் இருந்த எழுத்து டைம்ஸ் நியூ ரோமன். 1932இல் லண்டன் டைம்ஸ் நாளிதழ் தன் பக்கங்களுக்காகக் கொண்டுவந்த எழுத்து அது. நாளிதழின் குரல் நாயின் வாய்க்குப் பொருந்தவில்லை.

காமிக்ஸ் புத்தகங்களின் குமிழ்களில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து, மவுஸைக் கொண்டே கொனேர் ஓர் எழுத்துருவை வரைந்தார். அதுதான் காமிக் சான்ஸ். பாப் மென்பொருளில் அது இடம்பெறவில்லை. அதன் எழுத்துகள் அகலமானவை. டைம்ஸுக்கு அளந்துவைத்த குமிழ்களில் அடங்கவில்லை. ஆனால் விண்டோஸ் 95 வழியாக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதைப் பார்த்ததும் ஏன் விளையாட்டுத்தனம் தெரிகிறது? முதல் காரணம் கோடு. டைம்ஸில் ஒரே எழுத்துக்குள் தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி மாறி வரும். காமிக் சான்ஸில் எங்கும் ஏறக்குறைய ஒரே தடிமன், முனைகள் உருண்டை. ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் இப்படித்தான் வரும். இரண்டாவது காரணம் சாய்வு. நேராக நிற்க வேண்டிய கோடுகள் ஆளுக்கொரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். வழக்கமான பல எழுத்துருக்களில் ஆங்கிலச் சிறிய 'பி'யை (b) இடம் வலமாகத் திருப்பிப்போட்டால் ஏறக்குறைய 'டி' (d) கிடைத்துவிடும். கை அப்படித் திருப்பிப்போடாது. ஒவ்வொன்றையும் புதிதாக எழுதும். காமிக் சான்ஸிலும் இந்த இரண்டும் ஒன்றின் கண்ணாடிப் பிம்பம் மற்றொன்று அல்ல.

கோணல் என்றால் கை போன போக்கு என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்துகள் எவ்வளவு ஆடினாலும், வரியை எட்ட நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரே சீரான சாம்பல் பட்டையாகத் தெரிய வேண்டும். ஓர் எழுத்து மட்டும் கறுத்துத் தெரிந்தாலோ, இரண்டுக்கு நடுவில் ஓட்டை விழுந்தாலோ, பார்வை அங்கேயே தடுக்கி நிற்கும். அதனால் நேரான எழுத்தைவிடக் கோணல் எழுத்தை அமைப்பதுதான் கடினம் என்பது என் எண்ணம். நேரான எழுத்தில் ஒரு விதியை எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாம். இங்கே ஒவ்வொரு மீறலையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

அன்றைய திரைகள் இன்னொரு தடை. கணினிக்குள் எழுத்து என்பது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் வளைகோடுகளும்தான். திரையில் காட்டும்போது அந்த உருவத்தைப் பிக்சல் கட்டங்களில் பொருத்த வேண்டும். அப்போது ஓரங்களை மென்மையாக்கும் வசதி பெரும்பாலும் கிடையாது. ஒரு பிக்சல் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. பத்துப் பன்னிரண்டு பிக்சல் உயரத்தில் லேசான சாய்வு கூடப் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். எந்த அளவில் எந்தப் பிக்சல் எரிய வேண்டும் என்று எழுத்துருவுக்குள்ளேயே எழுதிவைக்கும் கட்டளைகளுக்கு 'ஹின்டிங்' என்று பெயர். அதில் தேர்ந்தவர் கொனேர். அந்தச் சின்னத் திரைகளில் காமிக் சான்ஸ் தெளிவாக வாசிக்க வந்ததை, அதைப் பழிக்கிறவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

பழி நிறையவே உண்டு. 2012 ஜூலை 4 அன்று ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போசான் என்ற நுண்துகள் பற்றிய அறிவிப்பு வந்தபோது, இயற்பியலாளர் ஃபாபியோலா ஜியானோட்டி காட்டிய ஸ்லைடுகள் காமிக் சான்ஸில் இருந்தன. துகளைப் பற்றிப் பேசாமல் எழுத்தைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம். குமிழுக்குள் இரண்டு வரி பேசப் பிறந்த எழுத்தை நீண்ட அறிக்கைக்கோ அபாய அறிவிப்புக்கோ போட்டால் குரல் பிசகும்தான். ஆனால் பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் தன் வழிகாட்டியில் சொல்லும் எழுத்துருக்களில் இதுவும் ஒன்று. எழுத்துகள் நெருக்கியடிக்காமல் தெரியும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளைக்கு உதவுகிறது என்றால், அழகு பற்றிய வாதம் எனக்கு இரண்டாம்பட்சம்.

சரி, கையால் வரைந்த எழுத்துருவுக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு. ஒரு எழுத்துக்கு ஒரே ஒரு படம்தான். கையால் எழுதும்போது அடுத்தடுத்து வரும் இரண்டு எழுத்துகள் அச்சாக ஒன்றுபோல் அமையாது. எழுத்துருவில் கோணல் கூட அப்படியே திரும்ப வரும், வேஷம் கலைந்துவிடும். 1990 வாக்கில் எரிக் வான் பிளாக்லாந்து, யுஸ்ட் வான் ராசம் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் 'பேவுல்ஃப்' எழுத்துருவில், அச்சாகும் ஒவ்வொரு முறையும் புள்ளிகள் தாமாகக் கொஞ்சம் இடம் மாறும்படி செய்தார்கள். இன்றைக்கு ஓப்பன்டைப் என்ற வகைக் கோப்பாக வரும் எழுத்துருக்களில் வேறு வழி இருக்கிறது. ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வரைந்துவைத்து, 'இதே எழுத்து பக்கத்தில் வந்தால் அடுத்த வடிவத்தைப் போடு' என்று விதி எழுதிவிடுகிறார்கள்.

தமிழுக்கு இது இன்னும் அவசியம். நம் சொற்களில் ஒற்று இரட்டிப்பது அதிகம்: பட்டம், தக்காளி, பாப்பா. மெய்க்கும் அகர உயிர்மெய்க்கும் புள்ளி ஒன்றுதான் வித்தியாசம், உடல் ஒன்றே. கையெழுத்துப் பாணியில் உள்ள ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்து 'அப்பப்பா' என்று பெரிதாக அடித்துப் பாருங்கள். நான்கு பகரமும் ஒரே கோணத்தில் நின்றால் வடிவமைப்பாளர் ஒரு முறைதான் வரைந்திருக்கிறார்.