கல் வந்தால் தயிரை விடவேண்டுமா?

வெக்கையான கச்சான் காற்று வீசத் தொடங்கினால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து கல்லடைப்போடு (சிறுநீரகக் கல்லோடு) வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். போன சிறுபோகத்தில் வந்தவர் வயல் வட்டையில் நின்றபடியே விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டவர். நோவு அடிவயிறுவரை இறங்கியிருந்தது. ஸ்கானில் 6 மில்லிமீற்றர் கல். அவருக்கு அது இரண்டாவது.

"முதல் கல்லோட தயிர், பால், நெத்தலி எல்லாத்தையும் விட்டுட்டன் டொக்டர். பிறகும் வந்திட்டே!"

மட்டக்களப்பில் பிறந்து எருமைத்தயிரை விட்டிருந்த மனிதர். பாவமாக இருந்தது. ஏனென்றால் அவர் விட்டது விடவேண்டியதையல்ல.

பெரும்பாலான கற்கள் கல்சியமும் ஒக்சலேற்றும் சேர்ந்தவை. அதனால் கல்சியத்தைக் குறைத்தால் சரி என்று ஒருகாலம் டொக்டர்மாரே சொன்னார்கள். ஆனால் சாப்பாட்டிலுள்ள கல்சியம், கீரையிலும் கச்சானிலும் (காற்றல்ல, கொறிக்கிற நிலக்கடலை) இருக்கும் ஒக்சலேற்றைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். கல்சியம் குறைந்தால் அந்த ஒக்சலேற்று இரத்தத்தில் ஏறி, சலத்தில் (சிறுநீரில்) வந்து நிற்கும்.

இத்தாலியின் பார்மா நகர ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்கள், 5 வருடம். கல்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல். வழமையான அளவு கல்சியம் எடுத்து, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான். முழுப் புகழும் கல்சியத்துக்கில்லை. உப்பு கூடினால் சலத்தில் கல்சியமும் கூடும். அவரிடம் கருவாட்டைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். தினமும்தானாம்.

தண்ணீர்க் கதை இன்னும் மோசம். விடிய வட்டைக்கு இறங்கினால் மத்தியானம்வரை ஒரு கோப்பை பிளேன்ரீ. ஒரு நாளைக்கு இரண்டரை லீற்றர் சலம் போகவேண்டும். அளந்துகொண்டிருக்க யாராலும் ஏலாது, நிறத்தைப் பாருங்கள். தேயிலைச்சாயம் மாதிரிப் போனால் காணாது.

வாழைத்தண்டுச் சாற்றோடு எனக்குச் சண்டையில்லை. பியர் குடித்தால் கல் கரையும் என்பதோடுதான் சண்டை. நோவோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் சாறும் வேண்டாம், விடியும்வரை பார்ப்பதும் வேண்டாம். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

அவருடைய கல் இரண்டு கிழமையில் தானாக விழுந்தது. சொன்னபடி துணியில் வடித்துப் பிடித்து, நெருப்புப்பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தார். எந்த வகைக் கல் என்று பார்க்க அனுப்பினோம்.

"அப்ப தயிர் தின்னலாமோ?"

"தாராளமா. மேல ஊத்துற பாணியை மட்டும் அளவா ஊத்துங்க."