வெம்பிளியில் எழுந்த ஊளைச் சத்தம்

2024 ஜூன் 7ஆம் தேதி இரவு, லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையிலான நட்புரீதியான ஆட்டம் முடிந்து நடுவர் கடைசி விசிலை ஊதியபோது, இருக்கைகளில் எஞ்சியிருந்த ரசிகர்கள் தங்கள் சொந்த அணியைப் பார்த்தே ஊளையிட்டார்கள். பலர் அதற்கு முன்பே எழுந்து வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். ஒரு வாரத்தில் ஜெர்மனியில் தொடங்கவிருந்த யூரோ கோப்பைக்கு முன், அணியை உற்சாகமாக வழியனுப்பி வைக்க வேண்டிய ஆட்டம் அது. 12ஆம் நிமிடத்தில் ஐஸ்லாந்தின் யோன் தாகுர் தோர்ஸ்டெய்ன்சன் இடப்பக்கத்திலிருந்து உள்நோக்கி ஓடிவந்து, கோல்கீப்பர் ஆரன் ராம்ஸ்டேலுக்குப் பக்கத்துக் கம்பத்தை ஒட்டி அடித்த பந்துதான் அந்த இரவின் ஒரே கோல்.

தரவரிசையில் இங்கிலாந்து 4ஆம் இடத்திலும் ஐஸ்லாந்து 72ஆம் இடத்திலும் இருந்தன. ஐஸ்லாந்தின் மக்கள்தொகை 4 லட்சத்தைத் தொடாது. மார்ச் மாதம் உக்ரைனிடம் தோற்று அந்த யூரோ கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பையும் அந்த அணி இழந்திருந்தது. இங்கிலாந்துத் தரப்பிலோ, அந்தப் பருவத்தில் பயர்ன் மியூனிக் அணிக்காக 44 கோல் அடித்த ஹாரி கேன், பிரீமியர் லீகின் சிறந்த வீரராகத் தேர்வான ஃபில் ஃபோடன், அதே லீகில் 22 கோல் அடித்திருந்த கோல் பாமர் என்று தாக்குதல் வரிசையே மலைக்க வைத்தது. அந்த வரிசை 90 நிமிடமும் முயன்று எதிரணியின் வலைக்குள் ஒரு பந்தைக்கூடச் செலுத்தவில்லை.

இருந்தாலும், தோற்றதால் இங்கிலாந்து எதையும் இழந்துவிடவில்லை. நட்புரீதியான ஆட்டத்தில் கோப்பை கிடையாது, புள்ளிப்பட்டியல் கிடையாது, வெளியேற்றமும் கிடையாது. பயிற்சியாளர் வீரர்களை மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட பொழுது அது. அப்படியிருக்க, ஏன் இவ்வளவு கோபம்? ரசிகர்களுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அந்த ஊளைக்கு அடியில் ஒரு கணக்கு ஓடுகிறது என்றே நான் கருதுகிறேன். தரவரிசைப் புள்ளிகளைக் கணிக்கும் சூத்திரமும், மூளை தன் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ளும் முறையும் வியப்பூட்டும் அளவுக்கு ஒரே வடிவம் கொண்டவை. அவை பிரியும் ஒரே ஓர் இடத்தில்தான் ரசிகரின் கோபத்துக்கு விளக்கம் இருக்கிறது.

முதலில் தரவரிசையை எடுத்துக்கொள்வோம். சதுரங்க வீரர்களின் திறனை அளவிடுவதற்காக, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் அர்பாட் எலோ வகுத்த முறையைத் தழுவித்தான் 2018 முதல் ஃபிஃபா ஆடவர் தரவரிசையைக் கணக்கிடுகிறது. ஆட்டத்துக்கு முன்பே, இரு அணிகளின் புள்ளி வித்தியாசத்தைக் கொண்டு எதிர்பார்க்கப்படும் முடிவு ஒன்று கணிக்கப்படுகிறது. வெற்றிக்கு 1, சமநிலைக்கு அரை, தோல்விக்கு 0 என்று மதிப்பு. ஏறத்தாழ 400 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணிக்கு எதிர்பார்ப்பு 0.82 அளவில் வரும். ஆட்டம் முடிந்ததும், உண்மையில் கிடைத்த மதிப்பிலிருந்து எதிர்பார்த்த மதிப்பைக் கழித்து, அந்த வித்தியாசத்தை ஆட்டத்தின் முக்கியத்துவ எண்ணால் பெருக்குகிறார்கள். வென்றிருந்தால் அந்த அணிக்கு 0.18 மட்டுமே வரவு, தோற்றால் 0.82 பற்று. பெரிய அணி சிறிய அணியை வெல்லும்போது ஏறத்தாழ ஒன்றுமே நடக்காததுபோல இருப்பதும், தோற்கும்போது இடி விழுந்ததுபோல இருப்பதும் இந்தக் கழித்தலிலேயே தெரிந்துவிடுகிறது.

மூளைக்குள்ளும் இதே கழித்தல் நடக்கிறது. குரங்குகளின் நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களை வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் பல ஆண்டுகள் கூர்ந்து பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில் விழுந்தால் அந்த நரம்பணுக்கள் படபடவென்று துடித்தன. ஒரு விளக்கு எரிந்த பிறகு சாறு வரும் என்று குரங்கு பழகிய பின், துடிப்பு விளக்கு எரியும் நொடிக்கு இடம்பெயர்ந்தது. சாறு வந்தபோது அவை வழக்கம்போல் அமைதியாக இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது என்ன நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அந்த நரம்பணுக்களின் துடிப்பு, இயல்பு நிலைக்கும் கீழே சரிந்தது. எதுவும் நடக்காததையே ஓர் இழப்பாக அவை பதிவு செய்தன. 1997இல் ஷுல்ட்ஸும் பீட்டர் தயானும் ரீட் மாண்டேக்கும் சேர்ந்து எழுதிய ஆய்வுரை, இதைக் கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசமாக, அதாவது கணிப்புப் பிழையாக விளக்கியது.

கேனின் 44 கோல்களும் ஃபோடனின் விருதும் அந்த விளக்கைப் போன்றவை. வீரர்களின் பட்டியலைப் படித்தபோதே வெம்பிளி ரசிகருக்கு மகிழ்ச்சியில் பாதி கிடைத்துவிட்டது. அதன் பிறகு கோல் விழுந்திருந்தால் வரவேண்டியது வந்தது, அவ்வளவுதான். கோல் இல்லாமல் கழிந்த ஒவ்வொரு நிமிடமும் வராமல் போன ஒரு சொட்டுச் சாறு. எதிரணியின் கோல் உண்டாக்கிய வலி 12ஆம் நிமிடத்தில் ஒரே முறை வந்தது. சொந்த அணியின் வறட்சி உண்டாக்கிய வலி 90ஆம் நிமிடம் வரை சிறுகச் சிறுகச் சேர்ந்தது. குரங்கின் நரம்பணுவில் கண்டதை மனிதக் கூட்டத்தின் மேல் அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனால் எதிர்பாராத தோல்விதான் அதிகம் சுடுகிறது என்பதற்கு மைதானத்துக்கு வெளியிலிருந்தும் கடுமையான ஆதாரம் இருக்கிறது. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் கார்டன் டாலும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கால்பந்தில் உள்ளூர் அணி வெல்லும் என்று பந்தயக் கணிப்புகள் உறுதியாகச் சொல்லியிருந்து அது தோற்ற நாட்களில், ஆண்கள் தங்கள் மனைவியர் மீதும் காதலியர் மீதும் நடத்தும் வன்முறை 10 சதவீதம் கூடியிருந்தது. முடிவு எப்படியும் போகலாம் என்று கருதப்பட்ட ஆட்டங்களில் தோற்றபோது அத்தகைய உயர்வு தென்படவில்லை. மைதானத்தில் வெறும் சத்தமாக அடங்கிவிடுவது, சில வீடுகளில் அடியாக இறங்குகிறது என்பதை எண்ணும்போது, இந்தக் கணக்கை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

இழப்பின் எடை வெற்றியின் எடையைவிடக் கூடுதல் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் பணம் சார்ந்த முடிவுகளில் காட்டியதை, பிரிட்டனில் கைப்பேசிச் செயலி வழியாக மக்களின் அன்றாட மனநிலையைத் திரட்டிய பீட்டர் டோல்டனும் ஜார்ஜ் மெக்கெரனும் கால்பந்தில் கண்டார்கள். அணி தோற்றதால் வரும் வருத்தம், வென்றதால் வரும் மகிழ்ச்சியைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

இப்போது சூத்திரமும் மூளையும் பிரியும் இடத்துக்கு வருவோம். ஃபிஃபாவின் கணக்கில், சர்வதேச ஆட்டங்களுக்கென ஒதுக்கிய நாட்களில் நடக்கும் நட்புரீதியான ஆட்டத்துக்கு முக்கியத்துவ எண் 10. உலகக் கோப்பையின் காலிறுதிக்கு அது 60. ஆகவே வெம்பிளியில் இங்கிலாந்து அடைந்த ஏமாற்றம், எவ்வளவு பெரிதானாலும், பத்தால் மட்டுமே பெருக்கப்பட்டு, எட்டுப் புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ரசிகரின் தலைக்குள் இந்தப் பத்து இல்லை. அங்கே பெருக்கும் எண்ணைத் தீர்மானிப்பவை வேறு.

அவற்றில் முதன்மையானது பற்றாக்குறை. ஒரு பெரிய கிளப் அணி ஆண்டுக்கு 50 ஆட்டங்களுக்கு மேல் ஆடும். சனிக்கிழமைத் தோல்வியைப் புதன்கிழமை வெற்றி கழுவிவிடும். தேசிய அணிக்கோ ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள்தான். தகவல் அரிதாகக் கிடைக்கும்போது கிடைத்த ஒவ்வொன்றுக்கும் மனம் கூடுதல் எடை கொடுப்பது இயல்பு. அதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. ஐஸ்லாந்து ஆட்டத்துக்கும் செர்பியாவுடனான முதல் யூரோ ஆட்டத்துக்கும் இடையே வேறு ஆட்டமே இல்லாததால், ஒன்பது நாட்களுக்கு ரசிகரின் கையில் இருந்த கடைசிச் சான்று இந்தத் தோல்விதான். போதாக்குறைக்கு எதிரணியின் பெயரே ஒரு பழைய காயம். 2016 யூரோ கோப்பையில், நீஸ் நகரில் இதே ஐஸ்லாந்திடம்தான் 1-2 என்று தோற்று இங்கிலாந்து வெளியேறியிருந்தது.

இரண்டாவது, ‘நாம்’ என்ற சொல். 1976இல் ராபர்ட் சால்டினியும் அவருடைய குழுவினரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடத்திய ஆய்வில், தங்கள் கல்லூரி அணி வென்றதற்கு அடுத்த திங்கட்கிழமை மாணவர்கள் கல்லூரிப் பெயர் பொறித்த உடைகளை அதிகமாக அணிந்து வந்தார்கள். தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வென்ற ஆட்டத்தை ‘நாம்’ என்றும் தோற்றதை ‘அவர்கள்’ என்றும் சொல்லும் போக்கு தெரிந்தது. “ஜெயிச்சுட்டோம்டா” என்று கத்துகிற அதே வாய், தோற்ற மறுநாள் “அவனுங்க எங்க ஆடினானுங்க” என்று வினையின் விகுதியிலேயே விலகிக்கொள்வதைத் தமிழர் யாரும் கேட்டிருப்பார்கள். கிளப் ரசிகர் சற்று விலகி நிற்கலாம், ஒரு பருவம் பார்க்காமலும் இருக்கலாம். பிறந்த நாட்டின் அணியை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. விலக வழியில்லாதபோது, தனக்கும் அந்தப் பதினொருவருக்கும் இடையே ஒரு கோடு கிழிக்கக் கையில் மிஞ்சுவது குரல் ஒன்றுதான். ஊளையிடுபவர் அணியைக் கைவிட்டவர் அல்லர், கைவிட முடியாதவர்.

அந்தக் குரல் எழும் விதத்திலும் நுட்பம் உண்டு. மேடைப் பேச்சுகளுக்குக் கூட்டம் காட்டும் எதிர்வினைகளை ஆராய்ந்த சமூகவியலாளர் ஸ்டீவன் கிளேமன், கைதட்டல் உடனே வெடித்துக் கிளம்புவதையும் ஊளை சற்றுத் தாமதித்தே எழுவதையும் கவனித்தார். கைதட்டத் தனியாக முடிவெடுக்கலாம். ஊளையிடுவதற்கோ பக்கத்தில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று முதலில் தெரிய வேண்டியிருக்கிறது. முணுமுணுப்பு, பெருமூச்சு, தலையாட்டல் எல்லாம் சேர்ந்து ‘நான் மட்டும் இல்லை’ என்ற உறுதியைத் தந்த பிறகே தொண்டை திறக்கிறது. கடைசி விசில் இதற்கு வாய்ப்பான கணம். பந்து ஓடும்போது ஊளையிட்டால் அணிக்கு ஊறு விளையுமோ என்ற தயக்கம் அப்போது நீங்கிவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே நொடியில் அனுமதி கிடைத்ததுபோல் ஆகிறது. அது வரை 90 நிமிடம் தனித்தனியாகச் சேர்ந்த ஏமாற்றங்கள் அங்கேதான் ஒரே சத்தமாகின்றன.

இத்தனை உணர்வையும் கிளறிவிட்ட அந்த முடிவு, அணியின் தரத்தைப் பற்றி உண்மையில் எவ்வளவு சொல்கிறது? மிகக் குறைவாகத்தான். கால்பந்தில் கோல்கள் அரிதானவை; அரிதான நிகழ்வுகளின் எண்ணிக்கையைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவாசோனின் பெயரிலான பரவலைக் கொண்டு ஓரளவு நன்றாகவே விவரிக்கலாம். சராசரியாக ஆட்டத்துக்கு 2 கோல் அடிக்கும் வலுவுள்ள அணியும் அந்தக் கணக்குப்படி நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்காது. அதாவது ஏறத்தாழ ஏழு ஆட்டங்களுக்கு ஒன்று. கூடைப்பந்தில் நூறு முயற்சிகளுக்கிடையே அதிர்ஷ்டம் கரைந்துவிடும். கால்பந்தில் ஒரே உதை கம்பத்துக்கு உள்ளே போவதா வெளியே போவதா என்பதில் இரவின் தலைவிதியே மாறிவிடும். அணியின் உண்மையான திறன் மாறாமலிருக்கும்போதே முடிவுகள் மேலும் கீழும் ஆடுவது இதனால்தான்.

ஆட்டத்தை இழந்த பயிற்சியாளரை நீக்குவதன் பலனை மதிப்பிடும்போதும் இதை மறந்துவிடக் கூடாது. 2023 செப்டம்பர் 9ஆம் தேதி வோல்ஃப்ஸ்பர்கில் ஜப்பானிடம் 1-4 என்று ஜெர்மனி தோற்றபோது ரசிகர்கள் அணியின் மீது தங்கள் சினத்தை வெளிப்படையாகக் காட்டினார்கள். யூரோ கோப்பையை நடத்தும் நாடு என்பதால் ஜெர்மனிக்குத் தகுதிச்சுற்றே இல்லை. நட்புரீதியான ஆட்டங்களைத் தவிர அணியை எடைபோட வேறு தராசும் இல்லை. ஆகவே அங்கே அந்தப் பத்து என்ற எண் இன்னும் பெரிதாக ஊதியிருந்தது. மறுநாளே ஹன்சி ஃபிளிக் நீக்கப்பட்டார். 1926இல் அந்தப் பதவி உருவானதிலிருந்து இப்படி நீக்கப்பட்ட முதல் பயிற்சியாளர் அவர். இரண்டு நாளில், தற்காலிகமாகப் பொறுப்பேற்ற ரூடி ஃபோலரின் கீழ், அதே அணி 2-1 என்று பிரான்சை வென்றது. பயிற்சியாளரை மாற்றியதால் வந்த மருந்து என்று அதைச் சொல்லத் தோன்றும். ஆனால் வழக்கத்தைவிட மிக மோசமான ஒரு முடிவுக்குப் பின் வழக்கத்துக்கு நெருக்கமான முடிவு வருவதே இயல்பு; புள்ளியியலில் இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பார்கள். நவம்பரில், புதிய பயிற்சியாளர் ஜூலியன் நாகல்ஸ்மனின் கீழ், துருக்கியிடம் 2-3 என்றும் ஆஸ்திரியாவிடம் 0-2 என்றும் ஜெர்மனி மறுபடி தோற்றது. அடுத்த மார்ச்சில் பிரான்சையும் நெதர்லாந்தையும் வென்றது. இந்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பயிற்சியாளருடையது, எவ்வளவு தற்செயலுடையது என்று நான்கைந்து ஆட்டங்களை வைத்துக்கொண்டு யாராலும் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

இங்கிலாந்து, தன் பயிற்சியாளர் கேரத் சவுத்கேட்டை மாற்றாமலே ஜெர்மனிக்குப் போனது. செர்பியாவை 1-0 என்று வென்றது, டென்மார்க்குடன் 1-1, ஸ்லோவேனியாவுடன் 0-0. குழுவில் முதலிடம் பிடித்த பிறகும், கொலோன் மைதானத்தில் ரசிகர்கள் சவுத்கேட்டை நோக்கிப் பிளாஸ்டிக் கோப்பைகளை வீசினார்கள். வெம்பிளியில் தொடங்கிய திருத்தம் இதற்குள் ரசிகர்களின் மனத்தில் வேலை செய்திருந்தது. எதிர்பார்ப்பு ஒவ்வொரு ஆட்டத்திலும் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. எதிர்பார்ப்பு குறைந்தால் அடுத்த வெற்றிக்கான வரவு பெருகும் என்பது அந்தச் சூத்திரத்தின் மறுபக்கம். ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக 95ஆம் நிமிடத்தில் ஜூட் பெல்லிங்கம் தலைகீழாகப் பாய்ந்து உதைத்த கோல், சுவிட்சர்லாந்துக்கு எதிரான பெனால்டி ஷூட் அவுட் என்று அணி தப்பித் தப்பி முன்னேறியது. வெம்பிளியில் ஊளை எழுந்து 33 நாட்கள் கழித்து, டார்ட்மண்டில் அரையிறுதியின் 91ஆம் நிமிடத்தில் நெதர்லாந்தின் வலையில் ஒல்லி வாட்கின்ஸ் பந்தைச் செலுத்தியபோது, இங்கிலாந்து ரசிகர்கள் அறிமுகமில்லாதவர்களையெல்லாம் கட்டிக்கொண்டார்கள். எதிர்பார்ப்பின் கோடு அந்த நொடியில் மறுபடியும் உச்சிக்கு ஏறியது. நான்கு நாள் கழித்து பெர்லினில், இறுதி ஆட்டத்தின் 86ஆம் நிமிடத்தில் ஸ்பெயினின் மிக்கேல் ஓயர்சபால் பந்தை உள்ளே தட்டிவிடும் வரை அது அங்கேயே நின்றது.