டொர்னேடோவில் வீடு போனால் ஃபெமா உதவி எப்படிக் கிடைக்கும்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மேஃபீல்ட் என்று ஒரு சிறிய ஊர். மக்கள்தொகை சுமார் 10,000. 2021 டிசம்பர் 10 இரவு, பல மாநிலங்களைத் தாக்கிய புயல் வரிசையில் வந்த ஒரு டொர்னேடோ (கடும் சுழல்காற்று) அந்த ஊரின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனது. அது கடந்த பாதையில் 57 பேர் இறந்தார்கள். டிசம்பர் 12 அன்றே அதிபர் அதைப் பெரும் பேரிடராக அறிவித்தார். எல்லா ஊருக்கும் இவ்வளவு சீக்கிரம் அறிவிப்பு வந்துவிடாது.

ஃபெமா என்பது அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு. வீடு இடிந்தது என்ற ஒரே காரணத்துக்காக அதன் பணம் வருவதில்லை. 1988-ம் ஆண்டின் ஸ்டாஃபோர்ட் சட்டப்படி மாநில ஆளுநர் கேட்க வேண்டும், அதிபர் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பில் உங்கள் கவுண்டிக்கு (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பகுதி) ‘தனிநபர் உதவி’ உண்டா என்று பாருங்கள். ‘பொது உதவி’ மட்டும் இருந்தால், அது சாலை, பள்ளிக் கட்டடம், இடிபாடு அகற்றுதல் போன்றவற்றுக்கான பணம். உங்கள் கூரைக்கு அதிலிருந்து எதுவும் வராது. அப்போதும் சிறுதொழில் நிர்வாகம் (எஸ்பிஏ) என்ற மத்திய அரசுத் துறையின் குறைந்த வட்டிக் கடன் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒரு கவுண்டியில் குறைந்தது 25 வீடுகளுக்கோ கடைகளுக்கோ காப்பீடு இல்லாத சேதம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்தத் துறை தனியாகவே பேரிடர் அறிவிக்கலாம்.

தனிநபர் உதவி உண்டு என்றால், அறிவிப்பு நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 1-800-621-3362 என்ற எண்ணில் பேசலாம், ஃபெமா செயலியில் செய்யலாம், அல்லது ஊரில் திறக்கப்படும் பேரிடர் மீட்பு மையத்துக்கு நேரில் போகலாம். வாடகைக்கு இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். நாசமான சாமான்களுக்கும் மாற்று வாடகை வீட்டுக்கும் உதவி உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் ஓராண்டுக்குள் அறிவிக்கப்பட்ட பேரிடர்களுக்கு, வீட்டுக்கு அதிகபட்சம் 43,600 டாலர், மற்ற தேவைகளுக்குத் தனியாக இன்னொரு 43,600 டாலர். இந்த வரம்பு ஆண்டுதோறும் மாறும். பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது இதைவிட மிகவும் குறைவு. வீட்டைப் பழையபடி கட்டித் தருவதல்ல, குடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் இதன் நோக்கம்.

காப்பீடு இருந்தால் முதலில் அங்கே கோரிக்கை வையுங்கள். காப்பீடு கொடுத்த அதே செலவுக்கு ஃபெமா மறுபடி பணம் தராது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்லட்டும் என்று காத்திருந்து 60 நாளைக் கோட்டைவிட்டுவிடாதீர்கள். பதிவு செய்து வைத்துவிட்டு, கடிதம் வந்ததும் அனுப்புங்கள். சுத்தம் செய்யத் தொடங்கும் முன் படம் எடுங்கள், தார்ப்பாய் வாங்கிய ரசீது வரை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

நம்மவர்கள் அதிகம் குழம்புவது விசா விஷயத்தில். பண உதவி அமெரிக்கக் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் போன்ற தகுதி பெற்ற குடியேறிகளுக்கும்தான். எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்குத் தன் பெயரில் கிடைக்காது. ஆனால் அதே வீட்டில் வாழும் 18 வயதுக்குட்பட்ட குழந்தை அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்தால், அந்தக் குழந்தைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் முயற்சிகூடச் செய்யாமல் இருந்துவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம், ‘தகுதியில்லை’ என்று கடிதம் வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். பல நேரம் அதற்கு அர்த்தம் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்பதுதான்: அந்த வீட்டில் வசித்ததற்கான ஆதாரமாக இருக்கலாம், காப்பீட்டு நிறுவனத்தின் முடிவுக் கடிதமாக இருக்கலாம். கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஃபெமா கணக்கிட்ட தொகை போதவில்லை என்றாலும் இதே வழிதான். அதற்கு ஒப்பந்தக்காரரிடம் பழுதுச் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி இணையுங்கள்.