"எவ்வளவு சார் இருக்கு?"

ஜூலை மாதம் வந்துவிட்டால் என் ஆபீஸ் முழுக்க மஞ்சள் பைகள்தான். வரிக் கணக்கு தாக்கல் செய்ய வரும் பென்ஷன்தாரர்கள் பாஸ்புக், ஃபிக்சட் டெபாசிட் ரசீது எல்லாவற்றையும் அதில்தான் போட்டுக் கொண்டுவருவார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வயது 74. போன வருஷம் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். ஏதோ ஒரு ரசீதை ஜெராக்ஸ் எடுக்க அவர் கீழே இறங்கிய நேரம் பார்த்து, அந்த அம்மா தாழ்ந்த குரலில் கேட்டார்: "எவ்வளவு சார் இருக்கு?"

கல்யாணமாகி 45 வருஷம். நான் சொல்வது முறையல்ல என்பதால், அவர் திரும்பி வந்ததும் அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். 42 லட்சம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ அந்த டாய்லெட்டை மாத்தலாமே" என்றார்.

விஷயம் இதுதான். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. வீட்டில் இருப்பது குத்தவைத்து உட்காரும் பழைய டாய்லெட். எழுந்திருக்கும்போது குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார். வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கும் பேச்சு மூன்று வருஷமாக "பார்க்கலாம்" என்ற நிலையிலேயே இருக்கிறது.

சாருக்குப் பென்ஷன் 46,000. வீட்டுச் செலவு 30,000 தாண்டாது. டெபாசிட் வட்டி வருஷத்துக்கு ஏறக்குறைய மூன்று லட்சம், அது அப்படியே அசலோடு சேர்ந்துவிடும். "அசலில் கை வைக்கக் கூடாது சார்" என்பார். அவர் வட்டியிலும் கை வைத்ததில்லை.

இதைக் கஞ்சத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். சொசைட்டி கடன் வாங்கிப் பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பி.எஃப். லோனில் வீடு கட்டிய மனிதர். சேர்க்க முப்பது வருஷம் பழகியவருக்குச் செலவழிக்கப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். கூடவே ஆஸ்பத்திரி பயம். பயம் நியாயமானது. ஆனால் அதற்கு ஒரு தொகை போடாவிட்டால் 42 லட்சம் மட்டுமல்ல, ஒரு கோடியும் போதாது.

சரி, தொகை போட்டுப் பார்ப்போம் என்று ஒரு தாளின் பின்பக்கம் எழுதினேன். முதலில் அம்மா. கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன் என்றால், குடும்பப் பென்ஷன் அதே சம்பளத்தில் 30 சதவீதம். அதாவது சார் முன்னால் போய்விட்டால் 46,000 என்பது 28,000க்குக் கீழே இறங்கும். வீட்டுச் செலவுக்கு அது இடிக்காமல் இருக்க அம்மா பெயரில் பத்து லட்சம், தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். இப்போதைய 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். அடுத்து ஆஸ்பத்திரிக்கு 12 லட்சம், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி ஜாயின்ட் டெபாசிட்டாக. மீதி 20 லட்சம். 7 சதவீத வட்டியில் கிடந்தால், மாதம் 18,000 எடுத்தாலும் 15 வருஷம் தாங்கும். சாருக்கு அப்போது 89 வயது.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பசங்களுக்கு?" என்றார். வீடு இருக்கிறதே என்றேன். அவர் 90 வயது வரை நன்றாக இருந்தால், பணம் கைக்கு வரும்போது மூத்த மகனே பென்ஷன்தாரர் ஆகியிருப்பார். ஒரு கிழவரிடமிருந்து இன்னொரு கிழவருக்குப் போகவா இவ்வளவு வருஷம் பூட்டி வைப்பது?

இதைப் படித்துவிட்டு எல்லாரும் செலவழிக்கக் கிளம்பிவிடாதீர்கள். தனியார் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு இந்தக் கணக்கு ஆகாது. பி.எஃப். அலுவலகம் தரும் இ.பி.எஸ். பென்ஷன் பெரும்பாலும் சில ஆயிரங்கள்தான், அகவிலைப்படியும் கிடையாது. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 10,000 ரூபாய்க்கு வாங்கும் மளிகை 12 வருஷத்தில் 20,000 ஆகிவிடும். பி.எஃப்., கிராஜுவிட்டி பணம்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் வேடிக்கை பாருங்கள், இறுக்கிப் பிடிக்க வேண்டிய இவர்கள்தான் பணம் வந்த மூன்றாம் மாதமே மாடி கட்டுகிறார்கள், மகனுக்குக் கடை வைத்துக் கொடுக்கிறார்கள். அரை சதவீதம் வட்டி கூட வருகிறதென்று முழுத் தொகையையும் ஒரே கூட்டுறவு வங்கியில் போட்டவர்களும் உண்டு. ஒரு வங்கியில் ஒருவருக்கு டெபாசிட் காப்பீடு 5 லட்சம் வரைதான். முதல் ஆறு மாதம் எதையும் செய்யாதீர்கள் என்றுதான் இவர்களிடம் சொல்வேன்.

வீட்டை உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதும் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். எழுதாதீர்கள். பதிவு செய்துவிட்டால் நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது, பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டுக் கோட்டாட்சியரிடம் போகலாம். ஆனால் "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லையென்றால் இழுபறிதான். உயில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு சாட்சி போதும், பதிவுகூடக் கட்டாயமில்லை, மனம் மாறினால் புதிதாக எழுதிக்கொள்ளலாம்.

இந்த ஜூலையிலும் தலைமை ஆசிரியர் வந்தார், அம்மாவும் கூட. "டாய்லெட் என்ன ஆச்சு சார்?" என்றேன். கொத்தனார் கூலி அநியாயத்துக்குக் கேட்கிறான் என்று ஆரம்பித்தார். "போட்டாச்சு சார்" என்றார் அம்மா. மஞ்சள் பை இந்தமுறை அவர் மடியில் இருந்தது. பாஸ்புக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் அடுக்க ஆரம்பித்தார்.