சும்மா கிடைத்த பூனைக்குட்டிக்கு எவ்வளவு செலவாகும்?

எங்கள் கிளினிக்குக்கு வரும் பூனைக்குட்டிகளில் பெரும்பாலானவை யாரும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. மாடிப்படிக்குக் கீழே தாய்ப்பூனை போட்டுவிட்டுப் போன குட்டி, மழைக்குக் கார் என்ஜினுக்குள் ஒதுங்கிய குட்டி, பக்கத்து வீட்டு அக்கா "ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று கையில் கொடுத்த குட்டி. சும்மா வந்ததுதானே, மிச்சம் மீதி சோற்றில் வளர்ந்துவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் ஆறு மாதத்தில் செய்ய வேண்டிய செலவைத் தள்ளிப்போட்டு, பிறகு அதைவிட அதிகமாக அவசர சிகிச்சைக்குக் கட்டி, கடைசியில் குட்டியையும் பறிகொடுத்துப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. அதனால் பணக் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன். தொகைகள் ஊருக்கு ஊர், கிளினிக்குக்குக் கிளினிக் மாறும்; தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தடுப்பூசி. ட்ரைகேட் என்று நாங்கள் சொல்லும் ஊசி மூன்று வைரஸ்களுக்கு எதிரானது: பான்லூக்கோபீனியா, ஹெர்பிஸ், கலிசி. குட்டிக்கு எட்டு வாரம் ஆனதும் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். "ஒரு ஊசி போட்டாச்சே டாக்டர், போதாதா?" என்று கேட்காதவர்கள் குறைவு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் பல தவணை. தனியார் கிளினிக்கில் ஒரு தவணைக்கு 800 முதல் 1,200 ரூபாய் வரை ஆகலாம். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதத்தில் போட வேண்டும்; அதற்குச் சில நூறு ரூபாய்தான். பூனைக்கும் அந்த நோய் வரும், பூனை மூலம் மனிதருக்கும் வரும், வந்தால் பிழைப்பது இல்லை என்றே சொல்லிவிடலாம்.

பான்லூக்கோபீனியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் விளையாடிய குட்டி மாலையில் சுருண்டு படுக்கும். வாந்தி, காய்ச்சல், சில நேரம் வயிற்றுப்போக்கு. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும், ஆனால் குடிக்காது. இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருக்கும். இந்த வைரஸைக் கொல்ல எங்களிடம் மருந்து கிடையாது. ட்ரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி தொற்றாமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, குட்டியின் உடம்பு மீண்டு வரும்வரை தாங்கிப் பிடிக்க மட்டுமே முடியும். உள்நோயாளியாக வைத்துப் பார்த்தால் நாளொன்றுக்கே ஓரிரண்டாயிரம் ஆகிவிடும். அத்தனையும் செய்த பிறகும் பல குட்டிகள் பிழைப்பதில்லை. ஊசி போட ஆன செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: அந்த வைரஸ் வீட்டுக்குள் ஓராண்டு வரைகூட உயிரோடு கிடக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு அசையாது. பிளீச் கரைசல் வேண்டும். செருப்பில், துணியில் ஒட்டிக்கொண்டு வரக்கூடியது என்பதால், "எங்க பூனை வெளியவே போகாது" என்பது ஊசி போடாமல் இருக்கக் காரணம் ஆகாது.

குடற்புழு மருந்து மலிவு. தாய்ப்பால் வழியாகவே புழு இறங்கிவிடுவதால், குட்டிப் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும், எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். தெள்ளுப்பூச்சிக்கு மட்டும் கவனம்: நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைமேல் ஊற்றினால் வலிப்பு வந்து செத்தே போகும்.

கடையில் வாங்கும் மருந்துகளில் நான் அதிகம் பயப்படுவது பாரசிட்டமால். குட்டிக்கு உடம்பு சுடுகிறது என்று பாசத்தோடு அரை மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு கிடையாது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும். ஈறுகள் பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். குட்டிக்கு அந்த அரை மாத்திரையே உயிரைப் போக்கிவிடும். கொடுத்துவிட்டால் மறைக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடிவாருங்கள். திட்டுவோமோ என்ற தயக்கத்தில் போகும் ஒவ்வொரு மணியும் குட்டிக்கு நஷ்டம்.

சாப்பாடு. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத்தான் தரும். தயிர்சாதத்திலேயே வளர்க்க முயன்றால் டாரின் என்ற சத்து கிடைக்காது. அது குறைந்தால் கண்பார்வையும் இதயமும் கெடும். பூனை அசைவம்தான் சாப்பிட்டாக வேண்டும், வீட்டில் சைவம் என்றால் குட்டிகளுக்கான தீவனம் வாங்குங்கள். தீவனமும், பூனை மலம், சிறுநீர் கழிக்கத் தட்டில் போடும் லிட்டர் மண்ணும் சேர்த்து மாதம் ஆயிரத்துக்கு மேல் ஆகலாம். பெர்சியன் இனப் பூனை வாங்குகிறவர்கள் விற்பவரிடம் தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முடிக்குள் வட்டமாகச் சொட்டை இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், குழந்தைகளுக்கும் ஒட்டும், குணமாக வாரக்கணக்கில் ஆகும்.

அப்புறம் கருத்தடை. பெண்குட்டி நான்கு ஐந்து மாதத்திலேயே சினைப்பருவத்துக்கு வந்துவிடலாம், வயிற்றில் குட்டி சுமக்கும் காலம் இரண்டு மாதம்தான். "ஒரு தடவை குட்டி போடட்டும், அப்பதான் உடம்புக்கு நல்லது" என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. முதல் சினைப்பருவத்துக்கு முன் செய்தால் மார்புக்கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். தனியாரில் பெண்ணுக்கு 4,000 முதல் 8,000 ரூபாய் வரை கேட்பார்கள், ஆணுக்குக் குறைவு. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் குறைவு. காத்திருக்க நேரம் ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஆண்பூனை மண்தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் மறுநாள் வரை பொறுக்காதீர்கள். அடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும்.

கையில் பணம் குறைவு என்றால் அதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்களால் வரிசை மாற்றித் தர முடியும்: இந்த மாதம் ட்ரைகேட்டும் புழு மருந்தும், அடுத்த மாதம் இரண்டாம் தவணையோடு வெறிநாய்க்கடி ஊசி, கருத்தடைக்கு மாதாமாதம் கொஞ்சம் எடுத்துவைப்பது என்று. வரும்போது மூடியுள்ள கூடையில் ஒரு துண்டு விரித்து எடுத்துவாருங்கள், அன்றைய மலத்தில் கொஞ்சம் சிறு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தால் புழு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.