கை துடிப்பது நின்றால் வலிப்பு நின்றதாகுமா?

பக்கவாதம் வயதானவர்களுக்குத்தான் வரும் என்று நினைக்கிறோம். பிறந்து ஒரு நாளே ஆன குழந்தைக்கும் வரும் என்றால் பெற்றோர் முதலில் நம்புவதே இல்லை. ஆனால் சுமார் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு, பிறப்பை ஒட்டிய நாட்களில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது.

வாய் கோணுவது, கை விழுந்துபோவது போன்ற அடையாளம் எதுவும் இங்கே பொதுவாக இருக்காது. முதலில் தெரிவது பெரும்பாலும் வலிப்புதான், அதுவும் முதல் மூன்று நாட்களுக்குள். நன்றாகப் பால் குடித்த குழந்தைக்குத் திடீரென ஒரு கை மட்டும் ஒரே சீராக வெட்டி வெட்டி இழுக்கும். சாதாரண நடுக்கமா, வலிப்பா என்று பார்க்க அந்தக் கையை மெதுவாகப் பிடிப்போம். நடுக்கம் என்றால் அடங்கிவிடும். வலிப்பு என்றால் நம் பிடிக்குள்ளேயே துடித்துக்கொண்டிருக்கும். சில குழந்தைகளுக்கு இழுப்பே வராமல் மூச்சு மட்டும் விட்டுவிட்டு நிற்கும்.

சரி, மருந்து கொடுத்தாயிற்று, கை துடிப்பதும் நின்றுவிட்டது. சிக்கல் இங்கேதான். வலிப்பை அடக்கும் ஃபீனோபார்பிட்டல் மருந்தைக் கொடுத்த பிறகு உடல் அசைவு அடங்கி, மூளையில் வலிப்பு அலைகள் தொடர்ந்து ஓடுவது பச்சிளம் குழந்தைகளிடம் அடிக்கடி நடக்கும். தொட்டிலில் அமைதியாகத் தூங்குகிற குழந்தையின் இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் சோதனை) திரையில், ஒரு பக்கத்தில் மட்டும் கூர் அலைகள் நிமிடக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவராக இருந்தாலும் வெறும் கண்ணால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அரைமணி நேர இஇஜி போதாது என்கிறோம். குறைந்தது 24 மணி நேரம் பதிவு வேண்டும். வலிப்பு இருந்தால், அது முழுதாக நின்ற பிறகும் இன்னொரு 24 மணி நேரம்.

எல்லா இடத்திலும் முழு இஇஜி கிடைப்பதில்லை. பல பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் ஏஇஇஜி என்ற எளிய கருவி இருக்கும். சில மின்முனைகளே போதும், பல மணி நேரப் பதிவைச் சுருக்கி ஒரே திரையில் காட்டிவிடும். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பக்கம்தான் பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது என்பதால் இடது, வலது இரண்டையும் தனித்தனியாகப் பதிவுசெய்வது முக்கியம். ஆனால் சில நொடிகளே நீடிக்கும் வலிப்பும், மின்முனைக்குத் தொலைவில் கிளம்பும் வலிப்பும் இதில் தப்பிவிடும். ஏஇஇஜியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மட்டும் நான் நிம்மதி அடைவதில்லை.

இஇஜி சந்தேகத்தைக் கிளப்பும்; அடைப்பால் மூளையில் எந்த இடம் பாதிக்கப்பட்டது என்பதை உறுதிசெய்வது எம்ஆர்ஐ. தலை அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்துவிட்டு பக்கவாதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வலிப்பைத் தவிர, இஇஜியில் அலைகளின் பின்னணியையும், அதாவது வலிப்பு இல்லாத நேரத்தில் மூளை அலைகள் எப்படி ஓடுகின்றன என்பதையும் பார்ப்போம். தூக்கமும் விழிப்பும் மாறிமாறி வந்தால் நல்ல அறிகுறி. ஒரு பக்கப் பின்னணி மட்டும் மந்தமாகவே இருந்தால், எதிர்ப்பக்கக் கைகாலில் பின்னாளில் பலவீனம் வரலாம் என்று கவனமாக இருப்போம். அந்தப் பலவீனம் பல மாதங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். ஒரு வயதுக்குள்ளேயே குழந்தை எதையும் ஒரே கையால் எடுத்து, மற்றக் கையை மூடியே வைத்திருந்தால், “இடதுகைப் பழக்கம் போல” என்று விட்டுவிடாமல் அழைத்து வாருங்கள். பிசியோதெரபியை அப்போதே தொடங்கிவிடலாம்.