பெட்டியை எடுத்தாச்சு, வயர் எங்கே?

"மெஷினைத்தான் எடுத்தாச்சே டாக்டர், அப்புறம் என்ன?" என்று போன வாரம் ஒருவரின் மகன் கேட்டார். அப்பாவுக்கு வயது 68. இதயத்துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கரைப் பொருத்திய இடத்தில் சீழ் கட்டியதால், மூன்று வருடம் முன்பு வேறொரு மருத்துவமனையில் பெட்டியை எடுத்துவிட்டு மறுபக்கம் புதியது வைத்திருக்கிறார்கள். இப்போது ஆறு மாதமாக விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல். டைபாய்டு என்று ஊசி, மலேரியா என்று மாத்திரை.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். இடது காறை எலும்புக்குக் கீழே வெட்டிய முனை. அங்கிருந்து இதயத்தின் வலது கீழறை வரை பழைய லீட், அதாவது பேஸ்மேக்கரின் வயர், அப்படியே கிடந்தது. இதய ஸ்கேனான எக்கோவில் அதன்மேல் கிருமிக்கட்டி ஆடிக்கொண்டிருந்தது. டிஸ்சார்ஜ் தாளில் 'பேஸ்மேக்கர் அகற்றப்பட்டது' என்று ஒரே வரி. இந்த வருடம் நான் பார்க்கும் மூன்றாவது ஆள் இவர்.

பேஸ்மேக்கர் என்றால் பெட்டி மட்டுமல்ல. ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும் வயரும் சேர்ந்ததுதான். பெட்டியில் சீழ் என்றால் வயரிலும் கிருமி இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கிருமி தன்மேல் ஒரு பிசுபிசுப்பான படலம் கட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஆன்டிபயாட்டிக் ஏற்றினாலும் உள்ளே சரியாகப் போய்ச் சேராது. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்வரை புண் காயும், காய்ச்சல் விடும். நிறுத்தினால் திரும்ப வரும். 'இன்னொரு கோர்ஸ் போட்டுப் பார்ப்போம்' என்பது வைத்தியமே இல்லை. கிருமி தொற்றியது உறுதியானால் பெட்டி, லீட் இரண்டையும் முழுதாக எடுக்கச் சொல்கிறது இதயத்துடிப்பு நிபுணர்களின் அமைப்பான ஹார்ட் ரிதம் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதல்.

எடுப்பது சுலபமில்லை, ஒப்புக்கொள்கிறேன். வருடக்கணக்கில் உள்ளே இருந்த வயரைத் தழும்பு இறுகப் பிடித்திருக்கும். இழுத்தால் ரத்தக்குழாயோ இதயமோ கிழியலாம். தழும்பிலிருந்து வயரை விடுவிக்கும் லேசர் உறையும் அறுவை சிகிச்சைக் குழுவும் உள்ள இடம் வேண்டும். அந்த வசதி இல்லாத டாக்டர்கள் அங்கே அனுப்பி வையுங்கள், வயரை வெட்டி உள்ளே தள்ளித் தைத்துவிடாதீர்கள். கிருமி இல்லாத, பழுதான லீட்டை வயதானவர்களுக்கு விட்டுவைப்பது உண்டு. அது யோசித்து எடுக்கும் முடிவு. நோயாளிக்குச் சொல்லி எழுதியும் கொடுக்க வேண்டும்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு: பெட்டியின் மேல்தோல் சிவந்தாலோ, மெலிந்து பளபளத்தாலோ, கசிந்தாலோ அன்றைக்கே வாருங்கள். மஞ்சள் பூசாதீர்கள். ஊசி குத்திச் சீழ் எடுக்க யாரையும் விடாதீர்கள். காய்ச்சல் என்று எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக பேஸ்மேக்கர் இருப்பதைச் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பெட்டியை எடுத்தால், "லீட் முழுசா வந்துச்சா?" என்று கேட்டு, அதன்பின் எடுத்த எக்ஸ்ரேயைப் பத்திரமாக வையுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்திலும் அதைக் காட்ட வேண்டும், வெட்டிவிட்ட வயர் அங்கே சூடேறலாம்.